மூன்று குரலும் ஒரு சிவப்பு டேப்பும்

ஊரிலேயே அதிகமாகச் சத்தம் போடும் பொருளை விற்பவரின் வீடுதான் அந்தத் தெருவிலேயே சத்தமில்லாத வீடு. திருட்டு அலாரம் பொருத்துவது அவர் தொழில். அவர் மாட்டிவிட்டுப் போன சைரன் ஒரு தடவை அலறினால் நாலு தெரு தள்ளிப் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து உட்காரும். அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாலோ, உள்ளே ஒரு குட்டி பல்பு மட்டும் எரிந்து அணையும். யாராவது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் வந்து கதவைத் திறப்பார்கள். இல்லாவிட்டால் வந்தவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

காரணம் அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷமாக ராத்திரி டியூட்டி. விடிந்த பிறகு வந்து படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பார். அந்தத் தூக்கத்துக்குக் காவல் நிற்பதை அலாரக்காரர் தன் இரண்டாவது தொழிலாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணியில் செருப்பு தைத்துப் போட்டார். கதவுக் கீல்களுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விட்டார். பகலில் மிக்ஸிக்குத் தடை. பிரஷர் குக்கர் என்ற பொருளே அந்த வாசற்படியை மிதித்ததில்லை. அவர்கள் மகளும் இதே வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள். இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாயே, பல்லில் ஏதாவது கோளாறா என்று அறைத்தோழிகள் அவளை விசாரித்தார்களாம்.

இத்தனைக்கும் நர்ஸம்மா ஒரு நாளும் சத்தம் போடாதீர்கள் என்று சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே.

இந்த ஏற்பாட்டில் அதிகம் கஷ்டப்பட்டவன் நர்ஸம்மாவின் தம்பி. காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவன். மைக் இல்லாமலே மண்டியின் அந்தக் கோடி வரைக்கும் விலை சொல்லக்கூடிய தொண்டை அவனுக்கு. அக்கா வீட்டுக்கு வந்தால் ரகசியக் குரலில் பேச வேண்டும் என்பது சட்டம். அவன் ரகசியக் குரலில் பேசினால் எதிர்வீட்டில் பதில் சொல்வார்கள். அதனால் பெரும்பாலும் கையை ஆட்டியே பேசிவிட்டு, தெருமுனைக்குப் போனதும் நின்று நாலு தடவை இருமிக்கொள்வான்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் நல்ல செய்தி வந்தது. இந்த மாதத்தோடு ராத்திரி டியூட்டி முடிகிறது. அடுத்த மாதத்திலிருந்து நர்ஸம்மாவுக்குப் பகல் வேலை, அதுவும் மேற்பார்வை வேலை. அலாரக்காரருக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மறுநாள் காலையில், மனைவி தூங்கும் அறைக் கதவைப் பூப்போலச் சாத்திவிட்டுத் திரும்பும்போது, அவர் மனதில் ஏதோ ஒன்று நெருடியது. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருஷமாக இவளுக்கு நான் கொடுத்ததெல்லாம் என்ன? மணியைக் கழற்றினேன், குக்கரைத் தடுத்தேன், மகளின் சிரிப்பையும் பாதியாக்கினேன். ஒவ்வொன்றாக எடுத்தேனே ஒழிய, ஒன்றையாவது கொடுத்தேனா?

ஒரே ஒரு சத்தத்தையாவது கொடுத்துவிட வேண்டும். கடைசி ராத்திரி டியூட்டி முடிந்து அவள் வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்கிற காலையில், அந்தச் சத்தம் அவளை வரவேற்க வேண்டும். அது எந்தச் சத்தம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நர்ஸம்மா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அவருடைய அப்பா வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். கீபோர்டுதான் கம்ப்யூட்டர், வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும், புரோகிராம்களைக் கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குச் சத்தம் என்று இருந்தது ஒரே ஒரு ‘பீப்’. ஒரு நேரத்தில் ஒரு சுரத்துக்கு மேல் அதற்கு வராது. அதன் முதுகில் ஒரு சவுண்டு போர்டைச் செருகினால் ஒரே நேரத்தில் மூன்று குரலில் பாடும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எப்படிப் பாடவைப்பது என்பதும் அதிலேயே இருந்தது. அப்பா வாங்கித் தருகிறேன் என்றார். கடைக்காரர் அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். அந்த அடுத்த வாரம் நீண்டுகொண்டே போய், கடைசியில் அந்தக் கடையே செருப்புக் கடையாக மாறிவிட்டது.

அந்தப் பெண் காத்திருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. போர்டு வந்தால் போட வேண்டிய பாட்டைத் தானே கட்டி, மூன்று குரலுக்கும் தனித்தனியாக எழுதி, கேசட்டில் பதிந்து வைத்துவிட்டாள். முதல் குரலை மட்டும் பீப்பில் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறாள். மற்ற இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது அவளுக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சிரித்த நர்ஸம்மா, அதோடு விட்டிருக்கலாம். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நல்லா இருந்துச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது” என்றார். அலாரக்காரர் மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டிருந்தது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.

அவர் மைத்துனனைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். அவன் அப்படியே உருகிப்போய், அப்பா வீட்டுப் பரணிலிருந்து கம்ப்யூட்டரையும் கேசட்டையும் எடுத்து, தக்காளிப் பெட்டிக்குள் வைத்து, மேலே நாலு தக்காளியையும் பரப்பிக் கொண்டுவந்து சேர்த்தான். வீட்டின் முன்னறைதான் அலாரக்காரரின் பட்டறை. மேஜை முழுக்க எப்போதும் பிரித்துப் போட்ட பெட்டிகளும் ஒயர்களும் கிடக்கும். நர்ஸம்மா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கம்ப்யூட்டர் லேசில் வழிக்கு வந்துவிட்டது. உள்ளே வீங்கிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றி, தூசி தட்டி, பழைய டிவி ஒன்றில் மாட்டியதும் கண்ணைத் திறந்தது. கேசட்டும் இரண்டு மூன்று முறை முரண்டு பிடித்துவிட்டு ஏறியது. புரோகிராமை ஓட்டினால் திரையில் மூன்று கலரில் மூன்று கோடுகள் தோன்றின. குரலுக்கு ஒரு கோடு. சுரத்துக்குத் தக்கபடி குதிக்க வேண்டும் என்று அந்தச் சின்னப் பெண் ஏற்பாடு செய்திருக்கிறாள். கோடுகள் ஊமையாகக் குதித்தன. இனி வேண்டியது போர்டு ஒன்றுதான்.

அதற்கும் ஒரு புண்ணியவான் இருந்தார். எங்கோ தூரத்து ஊரில், இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர்களுக்கு அந்தக் காலத்துப் போர்டுகளைப் பார்த்து அப்படியே திரும்பச் செய்து தபாலில் அனுப்புகிறவர். வெறும் போர்டு, உதிரிப் பாகங்கள், நாற்பது கால் கொண்ட ஒரு பழைய சவுண்டு சிப்பு. நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். அலாரக்காரருக்கு அதெல்லாம் கைவந்த வேலை.

கைவந்த வேலை என்று சொல்லும்போதே, அந்தக் கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எந்த அலாரப் பெட்டியைத் திறந்தாலும் அவர் முதலில் செய்வது சைரனை ஊமையாக்குவதுதான். உள்ளே சுண்டு விரல் நகத்தளவில் ஒரு நீலக் கட்டை, அதன் தலையில் ஒரு பித்தளைத் திருகு. அதைச் சத்தமே இல்லாத கோடிக்குத் திருப்பிவிட்டுத்தான் மறு வேலை. இல்லாவிட்டால் தப்பான ஒயரைத் தொட்டவுடன் ஊரே கூடிவிடும். ஒரு தடவை திருகைத் திரும்ப ஏற்றாமலே ஒரு கடையை விட்டு வந்துவிட்டார். நல்லவேளை, திருடன் வருவதற்குள் கடைக்காரரே கண்டுபிடித்து, அவரைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். அன்றைக்கு நர்ஸம்மாதான் வழி சொன்னார். வார்டில் நோயாளியின் மானிட்டரை யாராவது சத்தமில்லாமல் செய்துவைத்தால் ஒரு சிவப்பு அடையாளம் ஒட்ட வேண்டுமாம். டியூட்டி மாறும்போது வருகிறவர்கள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்களாம். அன்றிலிருந்து அலாரக்காரரும் திருகை இறக்கிய கையோடு ஒரு துண்டு சிவப்பு இன்சுலேஷன் டேப்பைத் தன் டூல்ஸ் பெட்டி மூடியில் ஒட்டிவிடுவார். திருகை ஏற்றாமல் டேப்பை உரிப்பதில்லை என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். நாளடைவில் இந்த இரண்டு வேலையும் யோசனையில்லாமல் நடக்கிற அளவுக்குக் கையிலேயே ஊறிவிட்டன.

ஒரு விடுமுறை நாள் பகலில் உட்கார்ந்து போர்டைப் பற்றவைத்தார். பக்கத்து அறையில் நர்ஸம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கரண்டியால் சாதத்தைக் கிளறுகிற சத்தம்கூட இல்லாமல் வேலை நடந்தது. நாற்பது காலையும் வைத்து, கடைசிக் காலுக்கு ஈயம் வைத்து முடித்தபோது அவருக்கே தன் கையின் மேல் ஒரு மரியாதை வந்தது. பழக்கப்பட்ட கை, பழக்கப்பட்ட காரியம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது.

அன்று சாயங்காலம் நர்ஸம்மா டியூட்டிக்குக் கிளம்பியதும் போர்டைச் செருகி சுவிட்சைப் போட்டார். திரை இருண்டே கிடந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு துழாவினால், இரண்டு கால்களுக்கு நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஈயம் வழிந்து பாலம் கட்டியிருந்தது. அதைச் சுரண்டியதும் திரை வந்தது. பாட்டை ஏற்றி ஓட்டினார். கோடுகள் குதித்தன. சத்தம் வரவில்லை.

ஹெட்போனில் கேட்டார். ஒன்றுமில்லை. போர்டு செருகும் இடத்தை ரப்பரால் துடைத்துப் பார்த்தார். மீட்டரை வைத்து மின்சாரம் வருகிறதா என்று ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் வர வேண்டிய இடத்தில் வந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டூல்ஸ் பெட்டியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மூடியில் சிவப்பு டேப். ஐயோ, எந்த இடத்துச் சைரனை ஊமையாக விட்டுவிட்டு வந்தோம்? கடைசியாக வேலை பார்த்தது ஒரு பேக்கரியில். அதற்கு முன்னால் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில். அரக்கப் பரக்க ஓடினார்.

பேக்கரியில் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் பேக்கரிக்காரர் கிரீமால் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சோதித்திருக்கலாம். பதற்றத்தில் மறந்துவிட்டது. சைரன் அலறிய அலறலில் கடைசி எழுத்தின் வால் கேக்கைத் தாண்டி மேஜையின் விளிம்பு வரை போய் நின்றது. சைரன் மட்டும் கச்சிதமாக இருந்தது. பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சோதித்தார். டாக்டருக்குச் சொன்னாரே தவிர நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்தவருக்குச் சொல்லவில்லை. அவர் பதறி வாயை மூடியபோது டாக்டரின் விரல் உள்ளே இருந்தது. அங்கேயும் சைரனில் ஒரு குறையும் இல்லை.

அதற்கும் முந்தின இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சைரன்கள் கன ஜோராக அலறின. ஊமைச் சைரன் எங்கேயும் இல்லை. அப்படியானால் டேப் எப்படி வந்தது? மண்டையைக் குடைந்தது. சட்டப்படி, திருகை ஏற்றாமல் டேப்பை உரிக்கவும் முடியாது. அது மூடியிலேயே ஒட்டிக்கொண்டு, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவரை முறைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலங்களில் மைத்துனன் வந்துவிடுவான். ஹெட்போனில் கேட்காதது இதிலாவது கேட்கட்டும் என்று, ஏலம் விடும்போது வைத்துக்கொள்கிற தன் பெரிய ஸ்பீக்கரையே மண்டியிலிருந்து தூக்கி வந்தான். தொண்டை கட்டிக்கொள்கிற நாட்களில் மட்டும் அவன் பயன்படுத்துகிற ஸ்பீக்கர். அதைப் போர்டோடு இணைத்து, குமிழைக் கடைசி வரைக்கும் திருகி, காதை அதிலேயே ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “அத்தான், காத்து மாதிரி ஏதோ கேக்குது” என்றான். அது ஜன்னல் வழியாக வந்த காற்றேதான்.

கடைசியில் அலாரக்காரர் போர்டை அனுப்பிய மனிதருக்கே போன் போட்டார். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் விசாரித்தார். போர்டு நேராகச் செருகியிருக்கிறதா, சிப்பு தலைகீழாக இல்லையே, ஒயர் அறுந்திருக்கவில்லையே என்று வரிசையாகக் கேட்டுவந்தவர், சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டுவைத்தார். அங்கேதான் வந்தது வினை. அலாரக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சைரன் மாட்டுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பக்கத்தில் குமிழ் கடைசி வரை திரும்பியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே, முழுசாகக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். பாவம் அந்த மனிதர், அப்படியானால் சிப்புதான் பழுதாக இருக்கும் என்று வேறொன்றை அனுப்பிவைத்தார். அதுவும் வந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை.

நாட்கள் ஓடிவிட்டன. கடைசி டியூட்டிக்கு முந்தின நாள் நர்ஸம்மா சாப்பிடும்போது அவரைக் கூர்ந்து பார்த்தார். முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அலாரக்காரர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். ஒரே ஒரு சத்தம். உனக்காக ஒரே ஒரு சத்தத்தை என்னால் உண்டாக்க முடியவில்லை. அழிக்க மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. இதை எப்படிச் சொல்வது? உள்ளபடியே அழுகை வந்துவிடும் போல இருந்தது. தட்டைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

கடைசி டியூட்டி முடிகிற நாள் காலை. மைத்துனன் ஏலத்தை வேறு ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, சட்டையில் கொத்தமல்லி வாசனையோடு வந்து சேர்ந்தான். இருவருமாகக் கடைசி முயற்சியாக எல்லா ஒயரையும் ஒரு தடவை பிடுங்கித் திரும்ப மாட்டினார்கள். கோடுகள் குதித்தன. அறை மௌனமாக இருந்தது. மைத்துனன் ஒரு யோசனை சொன்னான். அக்கா வந்ததும் அவனே அந்தப் பாட்டை வாயால் பாடிவிடுவானாம். சின்ன வயதில் பீப் பீப்பென்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறதாம். மற்ற இரண்டு குரலுக்கு என்ன செய்வாய் என்று அலாரக்காரர் கேட்டார். உலகத்திலேயே யாரும் கேட்டிராத அந்த இரண்டு குரலை யாரால் பாட முடியும்?

எல்லாவற்றையும் மூடி ஒளித்துவிடலாம் என்று அவர் துணியை எடுப்பதற்குள் வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்தது. எண்ணெய் போட்ட கீல் காலை வாரிவிட்டது. நர்ஸம்மா உள்ளே வந்து, தம்பியைப் பார்த்து, ஸ்பீக்கரைப் பார்த்து, டிவியைப் பார்த்தார். கைப்பை தோளில் தொங்கியபடியே இருந்தது. மூன்று கலரில் மூன்று கோடுகள் குதித்துக்கொண்டிருந்தன. அவர் மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டின் ஓரத்தில் தேய்ந்துபோயிருந்த ஒரு விசையை விரலால் தடவிப் பார்த்தார்.

அலாரக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கொட்டிவிட்டார். போர்டு வந்ததிலிருந்து இரண்டாவது சிப்பு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

“எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஆனா சத்தம் வரல. உன் பாட்டை உனக்குக் கேக்க வைக்கணும்னு நெனச்சேன், முடியல. என்னை மன்னிச்சிரு.”

நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் ராத்திரி முழுக்க வார்டைச் சுற்றிவிட்டு வந்தவருடைய கண், கலங்கியிருந்தாலும் வேலையை விடுமா? மேஜை, போர்டு, ஒயர், ஸ்பீக்கர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தது. டியூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாகப் பார்த்து வருவது போலவே பார்த்தார். தரையில் இருந்த டூல்ஸ் பெட்டியில் வந்து பார்வை நின்றது.

“இந்தச் சிவப்பு டேப் எந்த வீட்டோடது?”

அது கிடக்கட்டும், அது வேறு கதை என்றார் அலாரக்காரர். நர்ஸம்மா விடவில்லை. எதை ஊமையாக்கி வைத்திருக்கிறது என்று தெரியாமல் அவர் எந்த டியூட்டியையும் ஏற்றுக்கொண்டதில்லை.

“அதான் தெரியல. பேக்கரி, பல் டாக்டர், எல்லா இடத்துலயும் போய்ப் பாத்தாச்சு. எல்லாம் நல்லாத்தான் அலறுது.”

“இந்த வீட்டுல பாத்தீங்களா?”

அலாரக்காரர் மெல்லக் குனிந்து போர்டைப் பார்த்தார். சிப்புக்கும் ஒயர் மாட்டுகிற இடத்துக்கும் நடுவில், சுண்டு விரல் நகத்தளவில் ஒரு நீலக் கட்டை. தலையில் ஒரு பித்தளைத் திருகு. தினமும் பார்க்கிற பொருள் என்பதாலேயே இத்தனை நாளும் அவர் கண்ணில் படாமல் போன பொருள். திருகு, சத்தமே இல்லாத கோடியில் ஒழுங்காகப் போய் நின்றுகொண்டிருந்தது. அன்று பக்கத்து அறையில் மனைவி தூங்கும்போது, பற்றவைத்து முடித்த கையோடு, யாரும் சொல்லாமலே அவர் கை அதை இறக்கியிருக்கிறது; யாரும் சொல்லாமலே டேப்பையும் ஒட்டியிருக்கிறது. நாள் கணக்காக அந்தப் போர்டு பாடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அசடு வழிய மனைவியைப் பார்த்தார். நர்ஸம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அலாரக்காரர் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகில் வைத்தார். ஏலக்காரனின் ஸ்பீக்கர் குமிழ் இன்னும் கடைசி வரை திரும்பித்தான் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. ஒரே திருப்பு.

வீடு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. கம்பளிச் செருப்பு போட்ட நாற்காலிகள்கூட நடுங்கின. முதல் குரல் துள்ளிக்கொண்டு ஓடியது. அது அக்காவும் தம்பியும் அந்தக் காலத்திலேயே பீப்பில் கேட்ட குரல். அதற்கடியில் இரண்டாவது குரல் நிதானமாக, பெரிய மனுஷத் தோரணையில் நடந்தது. கொஞ்சம் தாமதித்து மூன்றாவது குரல், கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறவன் மாதிரி மூச்சிரைக்க வந்து ஏறிக்கொண்டது. மூன்றும் ஒன்றையொன்று துரத்தி, முட்டி, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. சேர்ந்த இடத்தில் அலாரக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பாட்டு திரும்ப முதலிலிருந்து ஓடியது. நர்ஸம்மா வாயைப் பொத்தாமல் சிரித்தார். இரண்டாவது சுற்றில் விரலை உயர்த்தி, மூன்றாவது குரல் ஓர் இடத்தில் தடுக்கி விழுவதைக் காட்டினார். அங்கே ஒரு சுரம் தப்பாம், கணவரின் காதோடு சொன்னார். அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பாராம். இப்போது திருத்திவிடலாமே என்று அலாரக்காரர் சைகையில் கேட்டார். வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். தம்பிக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவ்வளவு சத்தத்திலும் யாருக்கும் ஒரு வார்த்தை கத்திப் பேசத் தோன்றவில்லை.

மூன்றாவது சுற்றோ நாலாவது சுற்றோ, நர்ஸம்மாவின் தலை நாற்காலியில் சாய்ந்தது. ராத்திரி முழுக்க விழித்த கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அதைப் பார்த்த அந்தக் கணமே அலாரக்காரரின் கை, யாரும் சொல்லாமல், ஸ்க்ரூ டிரைவரோடு திருகை நோக்கிப் போனது. கண்ணைத் திறக்காமலே நர்ஸம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கை வைக்காதீங்க. ஓடட்டும்.”

அப்படியே தூங்கியும் போனார். அலாரக்காரர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, டூல்ஸ் பெட்டி மூடியிலிருந்த சிவப்பு டேப்பை உரித்தார். பிறகு அவரும் மைத்துனனும், ஜன்னல்கள் அதிர்கிற அந்தச் சத்தத்துக்கு நடுவில், நுனிக்காலால் அடி மேல் அடி வைத்து அறையை விட்டு வெளியே வந்தார்கள். “அக்கா தூங்கிட்டா அத்தான்” என்று மைத்துனன் ரகசியக் குரலில் சொன்னான். அலாரக்காரர் உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினார்.

அழைப்பு மணியின் குட்டி பல்பு எரிந்து அணைந்தது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுத் தையல்காரர், தோளில் அளவு டேப்போடு நின்றார். பின்னால் தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள். யார் வீட்டு அலாரம் அடிக்கிறது, திருடனா என்று தையல்காரர் கேட்டார். அலாரக்காரர் வழக்கம்போல மெல்லிய குரலில் பதில் சொன்னார். தையல்காரர் காதில் கையைக் குவித்துக்கொண்டு என்ன என்றார். இரண்டாவது தடவை சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை.

அலாரக்காரர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

“அலாரம் இல்லைங்க. என் பொண்டாட்டி போட்ட பாட்டு!”

ஏலக்காரனே திரும்பிப் பார்க்கிற குரல் அது. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. சொன்ன பிறகுதான் அவருக்குப் பக்கென்றது. பதறிப்போய் உள்ளே திரும்பிப் பார்த்தார். நர்ஸம்மா நாற்காலியில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.